மணி மண்டபமும் விடிவெள்ளியும்

கைப்பேசிச் செயலிகளை உருவாக்குவோர் வேலையைத் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இணைய இணைப்பு இல்லாத இடத்திலும் செயலி தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டுமா? அல்லது ஒவ்வொரு செய்கையையும் எங்கோ இருக்கும் சர்வருக்குத் தெரிவித்து, அங்கிருந்து வரும் விடைக்கேற்ப நடக்க வேண்டுமா? முன்னதை ஆஃப்லைன் என்றும், பின்னதை உடனுக்குடன் ஒத்திசைத்தல் என்றும் வழங்குகின்றனர். கணினிப் பயன்பாட்டியல் பயிலும் மாணவர்கள் முதற்பகுதித் தமிழுக்காக என் வகுப்புக்கு வருவர். அவர்களுடைய பேச்சின் வழியாகத்தான் இச்சொற்கள் எனக்கு அறிமுகமாயின.

இதைக் கணினி பிறந்த பிறகு எழுந்த சிக்கல் என்றே அவர்கள் எண்ணுகின்றனர். தொலைவில் உள்ள இருவர் ஒரு செய்தியில் ஒத்துப்போக வேண்டிய தேவை என்று எழுந்ததோ, அன்றே இக்கேள்வியும் எழுந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அடங்கிய இந்த மேற்குமலை அடிவாரத்திலேயே இரு வழிகளுக்கும் பழைய சான்றுகள் உள்ளன. அவற்றை வரிசையாகப் பார்த்துவிட்டு, இன்றைய நிலைக்கு வருவோம்.

மணியோசை வந்த வழி

மதுரையை 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளிடம் பெரும் ஈடுபாடு கொண்டவர். ஆண்டாள் கோயிலில் உச்சிக்கால வழிபாடு முடிந்த செய்தி தெரிந்த பிறகே அவர் உணவு கொள்வார் என்பது இப்பகுதியில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதற்காக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை வரை வழிநெடுக மண்டபங்கள் கட்டி, ஒவ்வொன்றிலும் மணி வைத்தார்கள் என்பர். கோயிலில் மணி ஒலித்ததும் முதல் மண்டபத்தார் தம் மணியை அடிப்பர். அதைக் கேட்டு அடுத்தவர் அடிப்பர். இப்படியே ஓசை அரண்மனையை எட்டும். சிலர் மணிக்கு மாறாக நகரா முரசு என்று சொல்வதும் உண்டு. இதே கதையைத் திருச்செந்தூர் முருகனோடும் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனோடும் இணைத்துத் திருநெல்வேலிச் சீமையில் சொல்வர்.

இச்செவிவழிச் செய்தியைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மதுரைக்கும் இடையே கிருஷ்ணன்கோவில், டி. கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக ஏறத்தாழ 75 கிலோமீட்டர். ஓசை ஒரு நொடியில் ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். எனவே ஓசையின் பயணத்துக்கு மட்டும் நான்கு நிமிடங்களுக்குச் சற்றுக் குறைவாக ஆகும். மூன்று கிலோமீட்டருக்கு ஒரு மண்டபம் என்று கொண்டால் 25 மண்டபங்கள். ஒவ்வொரு மண்டபத்திலும் ஆள் கேட்டுணர்ந்து மணிக்கயிற்றை இழுக்கப் பத்து நொடி என்று கொண்டால், மேலும் நான்கு நிமிடங்கள். ஆக எட்டு நிமிடங்களில் மதுரைக்குச் செய்தி வந்துவிடும். எந்தக் குதிரையும் தர முடியாத வேகம் இது.

வேகம் இருந்தது. ஆனால் இந்த ஏற்பாட்டில் உள்ள குறைகளையும் நோக்க வேண்டும். இருபத்தைந்து பேரில் ஒருவர் கண்ணயர்ந்தாலும் செய்தி அங்கேயே நின்றுவிடும். மழையும் காற்றும் ஓசையை மறைக்கலாம். இடையில் ஒருவர் தவறுதலாக மணியை அடித்துவிட்டால், கோயிலில் வழிபாடு முடியாமலேயே மதுரையில் இலை போடப்பட்டுவிடும். அடுத்தவருக்கு மெய்மணி எது, பொய்மணி எது என்று அறிய வழியில்லை. செய்தி போய்ச் சேர்ந்தது என்று கோயிலுக்குத் திரும்பச் சொல்லும் வழியும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மணி வராவிட்டால் மன்னர் என்ன செய்வார்? காத்திருப்பார். உடனுக்குடன் ஒத்திசைக்கும் எந்த அமைப்புக்கும் இதுவே இயல்பு. தொடர்பு இருக்கும்வரை அது துல்லியமானது. தொடர்பு அறுந்தால் அதற்குக் காத்திருப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

வானம் பார்த்த பெண்

அதே ஊரில், நாயக்கருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன், காலத்தை அறிந்துகொள்ள வேறொரு வழி பாடலில் பதிவாகியுள்ளது. திருப்பாவையின் பதின்மூன்றாம் பாசுரத்தில், விடிந்தும் எழாத தோழியை எழுப்ப வந்த பெண்கள், வெள்ளி எழுந்ததையும் வியாழன் மறைந்ததையும் சுட்டிக்காட்டிப் பொழுது புலர்ந்ததை உணர்த்துகின்றனர். இந்த வானியல் குறிப்பைக் கொண்டே மு. இராகவையங்கார் ஆண்டாளின் காலத்தை எட்டாம் நூற்றாண்டின் முற்பகுதி என்று கணித்தார் என்பது இலக்கிய மாணவர்கள் அறிந்தது.

நாம் இங்கு நோக்க வேண்டியது வேறு. அப்பெண்கள் யாரிடமும் நேரம் கேட்கவில்லை. எங்கிருந்தும் மணியோசையை எதிர்பார்க்கவில்லை. வாசலில் நின்று வானத்தைப் பார்த்தனர். பத்து ஊர்களில் பத்துப் பெண்கள் பார்த்திருந்தாலும், ஒருவரோடொருவர் பேசாமலேயே ஒரே முடிவுக்கு வந்திருப்பர். காரணம், எல்லாருக்கும் வானம் ஒன்று. அதைப் படிக்கும் விதியும் ஒன்று. தனித்தியங்கும் முறை வெற்றிபெறும் இரகசியம் இதில் இருக்கிறது. தொடர்பு வேண்டாமெனில், முன்கூட்டியே பகிர்ந்துகொண்ட விதி வேண்டும்.

விதி வேறுபட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் சான்று உண்டு. பஞ்சாங்கம் என்பது ஓராண்டுக்குரிய கணக்கை முன்னரே எழுதி வீட்டுக்கு வீடு கொடுத்துவிடும் ஏற்பாடு. வாங்கி வைத்துக்கொண்டவர் ஆண்டு முழுவதும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் வாக்கியப் பஞ்சாங்கம் வழிவழி வந்த வாய்பாட்டின்படி கணிப்பது. திருக்கணிதம் கோள்களின் உண்மை இருப்பைக் கொண்டு திருத்திக் கணிப்பது. திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29 அன்று நிகழ்ந்தது. திருநள்ளாற்றுக் கோயிலோ, தான் பின்பற்றுவது வாக்கியம். அதன்படி பெயர்ச்சி 2026இல்தான் என்று அறிவித்தது. இரண்டு ஏடுகளும் தத்தம் விதிப்படி பிழையற்றவை. ஆனால் இரண்டையும் கையில் வைத்திருப்பவர் எந்த ஆண்டு கோயிலுக்குப் போவது என்று திகைக்கத்தான் செய்வார். செயலி உருவாக்குவோர் முரண்பாடு என்று அஞ்சுவது இதைத்தான். தனித்தனியே எழுதப்பட்ட இரு பிரதிகள் பின்னொரு நாள் சந்திக்கும்போது எது நிற்பது, எது விலகுவது என்பதற்கு முன்கூட்டியே முறை வகுத்திருக்க வேண்டும்.

ஒற்றைத் தடம்

விருதுநகரிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசிக்குச் செல்லும் இருப்புப்பாதை 1927இல் திறக்கப்பட்டது. ஒற்றைத் தடம். ஒரே தடத்தில் இரு திசைகளிலும் வண்டிகள் ஓட வேண்டும். இங்கே ஊகத்துக்கு இடமில்லை. இரு நிலைய அதிகாரிகள் தத்தம் கடிகாரத்தைப் பார்த்துத் தாமாகவே வண்டியை அனுப்பினால் நடுவழியில் மோதல் நேரும்.

இத்தகைய தடங்களுக்கு இரயில்வே கண்ட வழி டோக்கன். அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைக்கப்பட்ட பெட்டிகள் இருக்கும். எதிர்நிலையத்தார் இசைந்தால்தான் இங்குள்ள பெட்டியிலிருந்து ஓர் உலோக உருண்டை வெளிவரும். அது ஒன்று வெளியே இருக்கும்வரை இரண்டு பெட்டிகளிலிருந்தும் இன்னொன்று வராது. அந்த உருண்டையைப் பையிலிட்டு, வளையத்தில் கட்டி, ஓட்டுநரிடம் கொடுப்பர். நடைமேடையில் ஒருவர் வளையத்தை நீட்டி நிற்க, ஓடும் வண்டியிலிருந்து கை நீட்டி அதை வாங்கும் காட்சியைப் பழைய தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள்.

இவ்வேற்பாட்டின் நுட்பம் என்னவென்றால், இரு நிலையங்களும் ஒத்திசைய வேண்டியது ஒரு கணம் மட்டுமே. இசைவு கிடைத்ததும் அந்த உரிமை ஒரு பொருளில் ஏற்றப்பட்டுவிடுகிறது. அதன் பிறகு வண்டி காட்டுக்கு நடுவே எவரோடும் பேசாமல் போகலாம். ஓட்டுநரின் கையில் இருக்கும் உருண்டையே போதிய சான்று. தொடர்பு முற்றிலும் அறுந்துபோனால் என்ன செய்வது என்பதற்கும் இரயில்வே விதிநூல் தனி நடைமுறை வகுத்துள்ளது. மிகக் குறைந்த வேகத்தில் எச்சரிக்கையோடு சென்று, அடுத்த நிலையத்தோடு தொடர்பை மீட்டுக்கொள்வதே அதன் சாரம். போக்குவரத்து நின்றுவிடாது, மெதுவாகும்.

பயணச்சீட்டு முன்பதிவிலும் இதே சிக்கல் வேறு வடிவில் இருந்தது. கணினி வருவதற்கு முன், ஒரு வண்டியின் படுக்கைகளை இடைநிலையங்களுக்கு இத்தனை என்று பிரித்துக் கொடுத்திருந்தனர். தன் பங்குக்கு உட்பட்ட இடங்களை நிலையத்தார் எவரையும் கேளாமல் தம் பேரேட்டில் எழுதிக் கொடுக்கலாம். ஒரே படுக்கை இருவருக்குப் போகாது. ஆனால் ஓரூரில் காத்திருப்போர் வரிசை நீண்டிருக்க, இன்னோர் ஊரின் பங்கு எவரும் கேட்காமல் வீணாகலாம். 1985இல் தில்லியில் தொடங்கிய கணினி முன்பதிவு, தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999இல் ஒன்றாக இணைக்கப்பட்ட பிறகு இந்தக் குறையைப் பெருமளவு போக்கியது. எங்கிருந்தும் எந்த ஊருக்கும் சீட்டு எடுக்க முடிந்தது. அதற்கு ஈடாக, இணைப்பு அறுந்த முன்பதிவு மையத்தில் சீட்டே இல்லை என்ற நிலையும் வந்தது. பங்கு பிரித்தால் தனியே இயங்கலாம். பொதுவில் வைத்தால் எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டில் எதை விட்டுக்கொடுப்பது என்பதே எக்காலத்தும் நிலவும் கேள்வி.

அறுந்த கம்பி கற்பித்த பாடம்

இக்கேள்வியைக் கணினியியலில் ஆழ்ந்து ஆராய்ந்தவர்களுள் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற மகாதேவ் சத்தியநாராயணன். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவர் தலைமையில் உருவான கோடா என்னும் கோப்பு அமைப்பு, தொடர்பு அறுந்த நிலையிலும் வேலை நடக்க வேண்டும் என்பதையே நோக்கமாகக் கொண்டது. ஜேம்ஸ் கிஸ்லரும் அவரும் 1991இல் வெளியிட்ட ஆய்வுரை அதன் நடைமுறையை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. தொடர்பு உள்ளபோது தேவைப்படக்கூடியவற்றை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்ளுதல். தொடர்பு அறுந்தபோது சேமிப்பைக் கொண்டு தனித்து இயங்குதல். தொடர்பு மீண்டதும் செய்தவற்றையெல்லாம் ஒப்படைத்து இணைந்துகொள்ளுதல். மழைக்காலத்துக்கு முன் விறகும் தானியமும் சேர்த்துவைக்கும் மலையடிவார மக்களுக்கு முதல் நிலையை விளக்க வேண்டியதில்லை. ஒரே கோப்பை இருவர் ஒரே வேளையில் திருத்தி முரண்படுவது நடைமுறையில் மிக அரிது என்பதும் அவர்கள் கண்ட முடிவுகளுள் ஒன்று. அச்சம் பெரிது; நிகழ்வு சிறிது.

2000ஆம் ஆண்டில் எரிக் புரூவர் இதே சிக்கலை ஒரு கோட்பாடாக முன்வைத்தார். 2002இல் கில்பர்ட், லிஞ்ச் இருவரும் அதைக் கணித முறையில் நிறுவினர். இடையில் தொடர்பு அறுந்திருக்கும்போது, எல்லா இடத்திலும் ஒரே விடை என்ற உறுதியையும், கேட்டவர் எவருக்கும் விடை உண்டு என்ற உறுதியையும் ஒருசேரத் தர இயலாது என்பதே அதன் சுருக்கம். மணி வராத நாளில் நாயக்கர் உண்ணாமல் காத்திருந்தால், முதல் உறுதி காக்கப்படுகிறது. பொழுதைப் பார்த்து உண்டுவிட்டால், இரண்டாவது காக்கப்படுகிறது. இரண்டும் வேண்டுமென்றால் கம்பி அறாமல் இருக்க வேண்டும். கம்பி அறாத நாடு எங்கும் இல்லை.

செண்பகத்தோப்புக்கு அப்பால்

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த மலைக்காடுகள் சாம்பல்நிற அணில்களுக்கான சரணாலயமாக விளங்கின. அதையும் மேகமலையையும் சேர்த்து 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு. செண்பகத்தோப்பைத் தாண்டி மலையேறினால் கைப்பேசிக் கோபுரங்களின் எல்லை முடிந்துவிடும்.

புலிகள் காப்பகங்களில் ரோந்து செல்லும் வனக் காவலர்களுக்கென எம்-ஸ்ட்ரைப்ஸ் என்ற ஏற்பாட்டைத் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையமும் இந்திய வனவுயிர் நிறுவனமும் 2010இல் தொடங்கின. 2018ஆம் ஆண்டு அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில் களத் தகவல்கள் அதன் கைப்பேசிச் செயலி வழியாகத் திரட்டப்பட்டன. காவலர் நடக்கும் பாதை, கண்ட கால்தடம், எச்சம், படம் ஆகிய யாவும் கைப்பேசியிலேயே பதிவாகும். முகாமுக்குத் திரும்பி இணைப்புக் கிடைத்தபின் மையத்துக்குச் செல்லும். தாம் நிற்கும் இடத்தை அறியக் கைப்பேசி நம்புவது வானத்துச் செயற்கைக்கோள்களை. அவற்றின் குறிப்பைப் பெற்றுக்கொள்ளக் கோபுரமும் வேண்டாம். யாரையும் கேட்கவும் வேண்டாம். வெள்ளியையும் வியாழனையும் பார்த்துப் பொழுதறிந்த அதே முறைதான்.

இங்கே ஆஃப்லைன் முறை பொருந்துவதற்குக் காரணம் இணைப்பின்மை மட்டுமன்று. வேலையின் இயல்பும் அதற்கு இடம் தருகிறது. ஒருவர் மேற்கே கண்ட கால்தடமும் இன்னொருவர் கிழக்கே கண்ட கால்தடமும் ஒன்றையொன்று மறுப்பதில்லை. இரண்டையும் சேர்த்து எழுதினால் போதும். நாள் பிந்தி வந்தாலும் பதிவு பதிவுதான். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் தறிகளின் கணக்கும் இப்படிப்பட்டதே. ஒவ்வொரு தறியும் எத்தனை மீட்டர் நெய்தது என்பதை மாலையில் கூட்டிக்கொள்ளலாம். நொடிக்கு நொடி சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதே காட்டில் ஒரு காவலர் வேட்டைக்காரர்களை நேரில் எதிர்கொண்டால், மாலையில் ஒப்படைக்கும் பதிவால் பயனில்லை. அதற்கு வயர்லெஸ் வேண்டும். ஆளும் காடும் ஒன்றே. செய்தியின் இயல்பு வேறு. ஆகவே ஒரு செயலி முழுவதற்கும் ஒரே முறையைத் தேர்வதைவிட, அதன் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே தேர்வதே அறிவுடைமை.

நியாயவிலைக் கடை வாசலில்

இவையெல்லாம் பொறியாளர்களின் கவலைகள் என்று விட்டுவிட முடியாத இடம் ஒன்று உண்டு. தமிழகத்தில் 2017இல் மின்னணுக் குடும்ப அட்டை வந்தது. அதற்கு முன் இருந்த தாள் அட்டையை எண்ணிப் பாருங்கள். அரிசி வாங்கினோமா, சர்க்கரை வாங்கினோமா என்பதைக் கடைக்காரர் அந்த அட்டையிலேயே குறித்துக் கொடுப்பார். கணக்கு, அட்டையோடு வீட்டுக்கு வந்தது. இரயில் டோக்கனைப் போலவே உரிமை ஒரு பொருளில் ஏறியிருந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு கடை என்று கட்டுப்படுத்தியிருந்ததால், கடைக்காரர் வேறெவரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. போலி அட்டைகளும் பொய்க் குறிப்புகளும் இருந்தன என்பதையும் மறுக்க முடியாது.

2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே குடும்ப அட்டைத் திட்டத்தில் தமிழகம் சேர்ந்தது. கடைகளில் விரல்ரேகைச் சரிபார்ப்பும் வந்தது. இடம்பெயர்ந்து உழைப்பவர்களுக்கு இது பெரும் நன்மை. ராஜபாளையத்து நூற்பாலையில் வேலை செய்யும் வடமாநிலத்தவரும் இங்குள்ள கடையில் தம் பங்கைப் பெறலாம். அந்த உரிமைக்கு உடனுக்குடன் ஒத்திசைத்தல் இன்றியமையாதது. ஒரே அட்டைக்கு இரு ஊர்களில் அதே மாதத்தில் பொருள் வழங்கக்கூடாது அல்லவா? ஆனால் சர்வர் மந்தமான நாளில், பொழுது முழுவதும் வரிசையில் நின்றவரிடம் நாளை வாருங்கள் என்று சொல்ல நேர்கிறது. உழைத்துத் தேய்ந்த விரலில் ரேகை படியாத முதியவர்கள் வேறு. கூலி வேலையை விட்டுவிட்டு வந்தவருக்கு அந்த ஒரு நாள் என்பது ஒரு நாள் கூலி.

சரிபார்ப்பு நடக்கவில்லை என்ற காரணத்தால் எவருக்கும் உணவுப் பொருளை மறுக்கலாகாது என்று 2017 அக்டோபரில் மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. மாற்று வழியைக் காட்டிப் பொருளை வழங்குக, பதிவேட்டில் எழுதிக்கொள்க என்பது அதன் கருத்து. இரயில்வே விதிநூலின் அறிவும் இதுவே: தொடர்பு அறுந்தால் வண்டியை நிறுத்தாதே, மெதுவாக, எச்சரிக்கையோடு செலுத்து. எனினும் ஆணை தாளில் இருந்து பயனில்லை. கடையில் உள்ள கருவிக்குள் அந்த வழி எழுதப்பட்டிருக்க வேண்டும். கருவி மறுக்கும்போது அதை மீறித் தரும் துணிவைக் கடைக்காரரிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று.

தவறாக ஒருமுறை கொடுத்துவிட்டால் என்ன இழப்பு, தவறாக ஒருமுறை மறுத்துவிட்டால் என்ன இழப்பு என்று இரண்டையும் எடைபோட வேண்டும். பணப் பரிமாற்றத்தில் இந்திய ரிசர்வ் வங்கி இப்படித்தான் எடைபோட்டது. 2022 ஜனவரியில் இணைப்பின்றிச் செலுத்தும் முறைக்கு இசைவளித்தபோது, ஒரு முறைக்கு 200 ரூபாய், மொத்தம் 2000 ரூபாய் என்று எல்லை கட்டியது. பிழை நேர்ந்தாலும் இழப்பு அந்த எல்லையைத் தாண்டாது. பட்டறிவு வளர வளர அவ்வெல்லை உயர்த்தப்பட்டது. அரிசிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். இருமுறை வழங்கப்பட்டால் அரசுக்குச் சில கிலோ இழப்பு. மறுநாள் இணைப்பு வந்ததும் அது தெரிந்தும் விடும். மறுக்கப்பட்டால் ஒரு வீட்டில் அன்று அடுப்பு எரியாது. மறுநாள் எந்தச் சர்வரும் அதைத் திருப்பித் தர முடியாது.

செயலி எழுதக் கற்கும் மாணவர்களிடம் இதைத்தான் சொல்லி வருகிறேன். ஒற்றைத் தடம் போல ஒன்றே ஒன்றாக இருக்கும் பொருளுக்குக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கூட்டிக்கொள்ளக்கூடிய பதிவுகளுக்குக் கைக்குள் எழுதிவைத்துப் பின்னர் ஒப்படையுங்கள். இரண்டிலும், கம்பி அறுந்த அன்று காத்திருக்கப் போகிறவர் யார் என்று முதலில் கேளுங்கள். மணியோசை வராமல் திருமலை நாயக்கர் பசித்திருந்தால் அது அவர் தாமே மேற்கொண்ட விரதம். நியாயவிலைக் கடை வாசலில் நிற்பவர் அப்படி எந்த விரதமும் பூணவில்லை.